ஆடியோ சிடி பதிய எந்த வேகம் சரி? முழுமையான வழிகாட்டி

ஆடியோ சிடி பர்ன் செய்பவர்களில் இரண்டு கட்சி உண்டு. மென்பொருளின் பட்டியலில் கிடைக்கும் மிகக் குறைந்த வேகத்தைத் தேடிப் பிடித்து, "மெதுவாகப் பதிந்தால்தான் தரம்" என்பவர்கள் ஒரு பக்கம். டிரைவ் தரும் உச்ச வேகத்தை அப்படியே விட்டுவிட்டு, "டிஜிட்டல்தானே, எல்லாம் ஒன்றுதான்" என்பவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு பேச்சும் பாதிதான் சரி. சரியான வேகத்தை உங்கள் டிரைவும் நீங்கள் வாங்கிய வெற்று வட்டும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. அது பெரும்பாலும் நடுவில் எங்கோ இருக்கும்.

அவசரமாக விடை வேண்டுபவர்களுக்கு: மேசைக் கணினியின் முழு அளவு டிரைவும், 48 அல்லது 52 எக்ஸ் (இயல்பான வேகத்தைப்போல் 48 அல்லது 52 மடங்கு) என்று அச்சிட்ட வட்டும் இருந்தால் 16 எக்ஸில் தொடங்குங்கள்; 24 எக்ஸ் வரை போகலாம். லேப்டாப்பின் மெல்லிய டிரைவ் அல்லது யூஎஸ்பி டிரைவ் என்றால் 10 அல்லது 16 எக்ஸ். பழைய இருப்பில் கிடைத்த, 8 அல்லது 12 எக்ஸ் வரை மட்டும் தாங்கும் வட்டு என்றால் 4 அல்லது 8 எக்ஸ். இவை தொடக்கப் புள்ளிகள். இங்கிருந்து உங்கள் கருவிக்குரிய வேகத்தைக் கண்டுபிடிப்பது எப்படி என்பதற்குத்தான் மீதிக் கட்டுரை.

எக்ஸ் என்ற கணக்கு

ஆடியோ சிடியை பிளேயர் வாசிக்கும் இயல்பான வேகம் 1 எக்ஸ். ஒரு நொடிக்கு 75 செக்டர்கள் (தரவின் சிறு கட்டங்கள்), ஒவ்வொன்றிலும் 2,352 பைட். ஆக நொடிக்கு 1,76,400 பைட். 80 நிமிட வட்டை 1 எக்ஸில் பதிய 80 நிமிடமே ஆகும். 8 எக்ஸில் 10 நிமிடம், 16 எக்ஸில் 5 நிமிடம். தொடக்கத்திலும் முடிவிலும் எழுத வேண்டிய பகுதிகளுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் போகும்.

48, 52 என்ற எண்களைப் பார்க்கும்போது ஒன்றை மனதில் வைக்க வேண்டும். அந்த வேகம் வட்டின் வெளி விளிம்பில் மட்டுமே கிடைக்கும். வட்டு ஒரே சுழற்சி வேகத்தில் சுற்றினால், உள்பக்கத்தில் லேசருக்கு அடியில் ஓடும் தடம் மெதுவாகவும் வெளிப்பக்கத்தில் வேகமாகவும் நகரும். எனவே 52 எக்ஸ் டிரைவ் சுமார் 22 எக்ஸில் தொடங்கி, விளிம்பை நெருங்கும்போதுதான் 52-ஐத் தொடுகிறது. சிடி உள்ளிருந்து வெளியே பதியப்படுவது. உங்கள் பாடல்கள் மொத்தம் 40 நிமிடம்தான் என்றால் அந்த 52-ஐ நீங்கள் பார்க்கவே போவதில்லை. வட்டு முழுவதையும் பதிந்தாலும் 16 எக்ஸோடு ஒப்பிட்டால் மிச்சமாவது சுமார் மூன்று நிமிடம். பல ஆண்டுகள் கேட்கப்போகும் ஒரு வட்டுக்கு அந்த மூன்று நிமிடத்தைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

வட்டுக்குள் நடப்பது

சிடி-ஆர் வட்டில், அதாவது ஒருமுறை மட்டும் பதியக்கூடிய வெற்று வட்டில், ஒளியை எதிரொளிக்கும் உலோகப் படலத்துக்கு அருகே ஒரு சாயப் படலம் இருக்கிறது. டிரைவின் லேசர், சுமார் 780 நானோமீட்டர் அலைநீளம் கொண்டது, அந்தச் சாயத்தைக் குறிப்பிட்ட இடங்களில் சூடாக்கி அதன் தன்மையை மாற்றுகிறது. அப்படி மாறிய இடங்களே குறிகள். ஒரு குறியின் நீளம் 3 அலகிலிருந்து 11 அலகு வரை இருக்கும். மிகச் சிறியது சுமார் 0.83 மைக்ரோமீட்டர், மிகப் பெரியது சுமார் 3 மைக்ரோமீட்டர். பிளேயர் கவனிப்பது குறி எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதைத்தான். அந்த விளிம்புகள் இருக்க வேண்டிய இடத்திலிருந்து முன்பின் தள்ளிப்போவதை ஜிட்டர் என்கிறோம். அது அளவு மீறினால் 3 அலகுக் குறியை 4 அலகு என்று பிளேயர் தவறாகப் படித்துவிடும்.

1 எக்ஸில் ஓர் அலகைப் பதிய லேசருக்கு 231 நானோநொடி கிடைக்கிறது. 52 எக்ஸில் நாலரைக்கும் குறைவு. அவ்வளவு குறுகிய நேரத்தில் சாயத்தை மாற்ற வேண்டுமென்றால் லேசரின் சக்தியைப் பல மடங்கு கூட்ட வேண்டும். சாயமும் சட்டென மாறக்கூடியதாக இருக்க வேண்டும். துணியின்மேல் இஸ்திரிப்பெட்டியை நகர்த்துவதுபோலத்தான் இது. நிறுத்தி நிதானித்தால் துணி பொசுங்கும், ஒரே இழுப்பில் இழுத்தால் சுருக்கம் போகாது, துணிக்குத் துணி பதமும் வேறு.

1990-களின் வட்டுகள் 1, 2, 4 எக்ஸ் வேகங்களுக்காகச் செய்யப்பட்டவை. அன்று கணினியும் மெதுவானது; தரவு வந்து சேருவதில் ஒரு கணம் தடங்கினாலும் வட்டு வீணாகிவிடும். "மெதுவாகப் பதியுங்கள்" என்ற அறிவுரை அந்தக் காலத்துக்கு முழுக்க முழுக்கச் சரி. 2000-ஆம் ஆண்டில் சான்யோ நிறுவனம் பர்ன்-புரூஃப் நுட்பத்தைக் கொண்டுவந்தது. தரவு தீர்ந்தால் லேசரை நிறுத்தி, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர அது வழிசெய்தது. மற்ற நிறுவனங்களும் இதே வேலையை வேறு பெயர்களில் செய்யத் தொடங்கின. வட்டுகளும் மாறின: 48, 52 எக்ஸ் தாங்க வேண்டும் என்பதால் சாயம் வெப்பத்தை எளிதில் ஏற்கும்படி ஆக்கப்பட்டது. அப்படிப்பட்ட சாயத்தை 4 எக்ஸில் நின்று நிதானமாகச் சூடாக்கினால், குறிகள் எல்லை தாண்டிப் பரவ வாய்ப்பு உண்டு. மிகக் குறைந்த வேகம் எப்போதும் பாதுகாப்பானது அல்ல என்பதற்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணம் டிரைவுக்குள் இருக்கிறது. ஒவ்வொரு வெற்று வட்டின் தடத்திலும், ஏடிப் என்று அழைக்கப்படும் தகவல் தயாரிப்பின்போதே பொறிக்கப்பட்டிருக்கும். யார் தயாரித்தது, எவ்வளவு கொள்ளும், எந்த அளவு லேசர் சக்தியில் தொடங்கலாம் என்பவை அதில் உண்டு. டிரைவ் இதைப் படித்து, தன் ஃபர்ம்வேரில் (டிரைவுக்குள்ளேயே இருக்கும் மென்பொருளில்) அந்த வட்டுக்கு என்ன குறிப்பு இருக்கிறது என்று பார்க்கிறது. வட்டின் உள்முனையில் இதற்கென ஒதுக்கிய இடத்தில் ஒரு சோதனைப் பதிவு செய்து, சக்தியைச் சரிசெய்துகொண்டு வேலையைத் தொடங்குகிறது. டிரைவைச் செய்தவர்கள் மெனக்கெட்டு நுணுக்கிச் சீராக்கியிருப்பது மக்கள் அதிகம் பயன்படுத்தும் வேகங்களைத்தான். பல புதிய டிரைவ்கள் 8 அல்லது 10 எக்ஸுக்குக் கீழே இறங்கவே மறுக்கும். அதைக் குறை என்று எண்ண வேண்டாம்.

மேல் எல்லைக்கும் காரணம் உண்டு. 52 எக்ஸில் வட்டு நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றைத் தாண்டுகிறது. மையம் இம்மியளவு விலகியிருந்தாலும், மேலே காகித லேபிள் ஒட்டியிருந்தாலும், வட்டு அதிரும். லேசர் குவியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளத் திணறும். பிழைகள் வெளி விளிம்பில் குவிவதும், கடைசி இரண்டு மூன்று பாடல்கள் மட்டும் தாவுவதும் இதனால்தான்.

ஆடியோவுக்கு ஏன் கூடுதல் கவனம்

"டேட்டா சிடியை உச்ச வேகத்தில்தான் பதிகிறேன், ஒரு குறையும் இல்லை" என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் அது ஆடியோ சிடிக்குப் பொருந்தாது. இரண்டு வகைக்கும் பொதுவாக ஒரு பிழைதிருத்த அடுக்கு இருக்கிறது. டேட்டா சிடியில் அதற்கு மேல் இன்னொன்றும் உண்டு: 2,352 பைட்டில் 2,048 மட்டும் தரவு, 276 பைட் கூடுதல் பிழைதிருத்தத்துக்கு. ஆடியோவில் 2,352 பைட்டும் இசையே. முதல் அடுக்கு கைவிட்டால் பிளேயர் முன்பின் மதிப்புகளை வைத்து ஊகித்து நிரப்பும். ஊகமும் முடியாதபோது 'டிக்' என்ற சத்தமோ ஒரு கண மௌனமோ கேட்கும். அதற்கப்பால் மீட்க வழியில்லை.

வேகம் மாறினால் ஒலியின் குணம் மாறுமா? வட்டைத் திரும்பப் படிக்கும்போது ஒவ்வொரு பிட்டும் மூலத்தோடு பொருந்தினால், பதிவாகியிருப்பது அதே இசைதான். 8 எக்ஸில் பதிந்தது இனிமை, 24 எக்ஸில் பதிந்தது கரகரப்பு என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. மாறுவது பிழைக்கும் அதன் எல்லைக்கும் இடையே எவ்வளவு தாராளம் மிஞ்சுகிறது என்பதுதான். நல்ல டிரைவில் அந்த வித்தியாசம் தெரியாது. தேய்ந்த லேசரோடு ஓடும் கார் பிளேயரில் நன்றாகவே தெரியும். யமஹா நிறுவனம் ஒருகாலத்தில் இந்தத் தாராளத்தைக் கூட்டவே தனி வசதி ஒன்றைத் தன் டிரைவ்களில் கொடுத்தது. குறிகளைச் சற்று நீளமாகப் பதிந்து ஜிட்டரைக் குறைக்கும் முறை அது. விலையாக, 80 நிமிட வட்டில் 68 நிமிடமே கொள்ளும்.

படி 1: வட்டு யாருடையது என்று பாருங்கள்

அட்டைப்பெட்டியில் இருக்கும் பிராண்டு பெயரை நம்ப முடியாது. ஒரே பிராண்டு வெவ்வேறு ஆலைகளிலிருந்து வாங்கி விற்கும். ஒரு பெட்டிக்கும் அடுத்த பெட்டிக்கும் சாயமே மாறலாம். இம்ஜ்பர்ன் போன்ற மென்பொருளில் வெற்று வட்டைப் போட்டால் ஏடிப் தகவலைக் காட்டும். அதில் நிமிடம், நொடி, ஃபிரேம் என்று மூன்று எண்கள் இருக்கும். அதுதான் தயாரிப்பாளரின் அடையாளம். 97:24:01 என்றால் தையோ யூடன், 97:34:23 மிட்சுபிஷி கெமிக்கல், 97:26:66 சிஎம்சி, 97:15:17 ரைடெக்.

அந்த ஃபிரேம் எண்ணின் கடைசி இலக்கம் சாயத்தைப் பற்றியும் ஒரு துப்பு தருகிறது. 0 முதல் 4 வரை என்றால் சயனின் அல்லது ஆசோ வகை. 5 முதல் 9 வரை என்றால் தாலோசயனின் வகை. மேலே சொன்ன நான்கையும் வைத்துப் பாருங்கள்: தையோ யூடனின் சயனினும் மிட்சுபிஷியின் அடர்நீல ஆசோவும் முதல் கூட்டம், மற்ற இரண்டும் அடுத்த கூட்டம். இந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கண்டுபிடிக்கப்போகும் வேகம் இந்த எண்ணுக்கு உரியது, பிராண்டுக்கு உரியது அல்ல.

படி 2: டிரைவைத் தயார் செய்யுங்கள்

வெற்று வட்டு உள்ளே இருக்கும்போது மென்பொருள் காட்டும் வேகப் பட்டியல்தான் உண்மையான பட்டியல். டிரைவின் முகப்பில் எழுதியிருப்பது உச்சம் மட்டும். பட்டியலில் 10, 16, 24, 32, 40, 48 என்று மட்டும் இருந்தால் 8-ஐத் தேடி அலைய வேண்டாம்.

ஃபர்ம்வேர் புதுப்பிப்பு இருந்தால் முதலில் அதைச் செய்துவிடுங்கள். புதிய வட்டுகளுக்கான குறிப்புகள் அதில் வரலாம். மெல்லிய டிரைவ்கள் பெரும்பாலும் 24 எக்ஸோடு நின்றுவிடும், அந்த 24-ம் விளிம்பில்தான். யூஎஸ்பி டிரைவுக்கு மின்சாரம் போதாமல் போவது அடிக்கடி நடப்பது. ஹப்பில் செருகாமல் கணினியில் நேரடியாகச் செருகுங்கள். இரட்டை முனை கேபிள் இருந்தால் இரண்டு முனைகளையும் செருகுங்கள். டிரைவ் ஆடாத, சமமான மேசையில் இருக்கட்டும்.

படி 3: பாடல்களைத் தயார் செய்யுங்கள்

எம்பி3 கோப்புகளைப் பதியும்போதே மாற்றிக்கொள்ளும்படி மென்பொருளிடம் விட வேண்டாம். முன்கூட்டியே 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ வேவ் கோப்புகளாக மாற்றி, கணினியின் உள் சேமிப்பகத்தில் வையுங்கள். 16 எக்ஸுக்கு நொடிக்கு 2.8 மெகாபைட் போதும். இன்றைய கணினிக்கு அது ஒரு பொருட்டே அல்ல. ஆனால் பென்டிரைவிலிருந்தோ வைஃபை வழியாகவோ இழுத்தால் இடையில் தடங்கும். பர்ன்-புரூஃப் போன்ற பாதுகாப்பை இயக்கியே வையுங்கள். அது வேலை செய்யும் தேவையே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். நிறுத்தித் தொடரும் ஒவ்வொரு இடமும் வட்டில் ஒரு சின்னத் தையல்.

பதியும் முறை 'டிஸ்க் அட் ஒன்ஸ்' ஆக இருக்கட்டும்; முழு வட்டையும் ஒரே மூச்சில் பதிவது அது. 'ட்ராக் அட் ஒன்ஸ்' முறையில் ஒவ்வொரு பாடலின் முடிவிலும் லேசர் நின்று தொடங்கும். இடைவெளி இல்லாமல் ஓட வேண்டிய கச்சேரிப் பதிவு துண்டுபடும்.

படி 4: மூன்று வேகங்களில் சோதனை

இதுதான் முக்கியமான படி, இதைத் தாண்டிப் போகாதீர்கள். ஒரே பெட்டியிலிருந்து மூன்று வட்டுகளை எடுங்கள். ஒரே பாடல்களை, 75 நிமிடத்துக்குக் குறையாமல், ஒன்றில் பட்டியலின் குறைந்த வேகத்திலும் ஒன்றில் 16 எக்ஸிலும் ஒன்றில் 24 எக்ஸிலும் பதியுங்கள். மெல்லிய டிரைவ் என்றால் 10, 16, 24. விளிம்பு வரை நிரப்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: சிக்கல் பெரும்பாலும் அங்கேதான். பாதி வட்டை மட்டும் பதிந்து சோதித்தால் எல்லா வேகமும் நல்ல வேகமாகவே தெரியும்.

சில டிரைவ்கள் ஒரே சுழற்சியில் போகாமல், 16-இல் தொடங்கிச் சிறிது தூரம் கழித்து 24-க்குத் தாவும். இன்னும் தள்ளி 32-க்கு. ஒவ்வொரு தாவலிலும் பதிவு ஒரு கணம் நின்று தொடரும். 16 எக்ஸில் முழு வட்டையும் ஒரே சீராகப் பதியக்கூடிய டிரைவ்களில் இந்த இணைப்புகள் இல்லை. நான் 16-ஐத் தொடக்கப் புள்ளியாகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

படி 5: அளந்து பாருங்கள்

பிழைகளை இரண்டு நிலைகளில் எண்ணலாம். சி1 என்பது முதல் கட்டத்தில் பிடிபடும் பிழை. எந்த வட்டிலும் கொஞ்சம் இருக்கும், பயப்பட ஒன்றுமில்லை. சி2 என்பது முதல் கட்டத்தைத் தாண்டி வந்தது. புதிதாகப் பதிந்த வட்டில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. தர வரையறைப்படி, நொடிக்கு 7,350 ஃபிரேம்களில் (இவை தரவின் மிகச் சிறு துண்டுகள்; ஏடிப் எண்ணில் வரும் ஃபிரேம் வேறு) பிழையுள்ளவை 220-ஐத் தாண்டக் கூடாது. பத்து நொடிச் சராசரியில் எடுக்கும் கணக்கு இது. 220 என்பது தேர்ச்சிக்கான கடைசிக் கோடு. புது வட்டு அந்தக் கோட்டருகே நின்றால், வெயிலும் கீறலும் பட்ட பிறகு எங்கே போய் நிற்கும்? சி1 சராசரி ஒற்றை இலக்கத்திலும், உச்சம் ஐம்பதுக்குள்ளும் இருந்தால் எனக்கு நிம்மதி.

நீரோ டிஸ்க்ஸ்பீட், லினக்ஸில் கியூபிஎக்ஸ்டூல் போன்றவை இந்தக் கணக்கை வரைபடமாகக் காட்டும். எல்லா டிரைவும் இந்த எண்ணிக்கையைத் தருவதில்லை, எனவே உங்கள் டிரைவ் தருமா என்று பாருங்கள். மூன்று வட்டுகளையும் ஒரே டிரைவில், ஒரே வாசிப்பு வேகத்தில் அளக்க வேண்டும். ஒரு டிரைவ் காட்டும் 30-ஐ இன்னொரு டிரைவ் காட்டும் 30-ஓடு ஒப்பிடுவதில் பயனில்லை. மொத்த எண்ணிக்கையைவிட வரைபடத்தின் வடிவம் அதிகம் சொல்லும். வெளி விளிம்பை நோக்கி மேலே ஏறிக்கொண்டே போனால் வேகம் அதிகம். தொடக்கம் முதலே ஒரே சீராக உயர்ந்து நின்றால், அந்த வேகத்தில் லேசர் சக்தி வட்டுக்குப் பொருந்தவில்லை. ஓரிடத்தில் மட்டும் ஊசிபோல எழுந்தால் அது தூசியாகவோ கைரேகையாகவோ இணைப்புப் புள்ளியாகவோ இருக்கும்.

அளக்கும் வசதி இல்லாவிட்டாலும் வழி உண்டு. எக்ஸாக்ட் ஆடியோ காப்பி மென்பொருளின் பாதுகாப்பான முறையில், முடிந்தால் வேறொரு டிரைவில், வட்டிலிருந்து பாடல்களைத் திரும்பப் பிரித்தெடுங்கள். எங்கெல்லாம் அது மறுபடி மறுபடி படிக்கத் திணறுகிறதோ அங்கெல்லாம் பதிவு பலவீனம். பிறகு உங்களிடம் இருப்பதிலேயே மோசமான பிளேயரில் கடைசிப் பாடலை நேரடியாகத் தேர்ந்தெடுத்து ஓடவிடுங்கள். சட்டென்று பிடித்துத் தாவாமல் முழுதாகப் பாடினால் அந்த வேகம் தேறிவிட்டது.

முடிவு வந்ததும் ஏடிப் எண், டிரைவ், வேகம் மூன்றையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். புதிய பெட்டி வாங்கினால் எண்ணைப் பாருங்கள். அதே எண் என்றால் ஒரு வட்டு மட்டும் சரிபார்த்தால் போதும், மாறியிருந்தால் மூன்று வட்டுச் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

பொதுக் கணக்கில் அடங்காதவை

அழித்து மறுபடி பதியக்கூடிய சிடி-ஆர்டபிள்யூ வட்டுகளுக்குத் தனி வேக வகுப்புகள் உண்டு: 4 வரை, 12 வரை, 24 வரை என்று. வட்டின் மேல் அச்சிட்ட எல்லைக்குள்தான் பதிய முடியும். பழைய டிரைவ் புதிய வகுப்பு வட்டை ஏற்கவே செய்யாது. இவை எதிரொளிக்கும் ஒளி சாதாரண சிடி-ஆரில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பழைய பிளேயர் படிக்க மறுத்தால் வேகத்தை மாற்றிப் பயனில்லை, சிடி-ஆருக்கு மாறுங்கள்.

'மியூசிக்' என்று அச்சிட்ட வட்டுகள், கணினி இல்லாமல் தனியே இயங்கும் வீட்டு ஆடியோ ரெக்கார்டர்களுக்கானவை. அந்த ரெக்கார்டர்கள் இந்தக் குறி இல்லாத வட்டை ஏற்காது. கணினியில் பதிய இவற்றுக்குக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை.

90, 99 நிமிட வட்டுகள் வரையறைக்கு வெளியே உள்ளவை. தடங்கள் நெருக்கமாக இருப்பதால் பல பிளேயர்கள் தடுமாறும். கட்டாயம் வேண்டுமென்றால் 16 எக்ஸைத் தாண்டாதீர்கள். முரண்டு பிடிக்கும் கார் பிளேயருக்கோ வேறொரு வழி: 80 நிமிட வட்டில் 70 நிமிடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிழைகள் குவியும் விளிம்பைத் தொடாமலே விடுவதற்கு, வேகத்தைக் குறைப்பதைவிடப் பலன் அதிகம்.

எல்லா வேகத்திலும் பிழை வந்தால், வேகத்தை விட்டுவிட்டு வேறு ஏடிப் எண் கொண்ட வட்டை முயலுங்கள். அந்த வட்டும் தோற்றால், முன்பு இதே டிரைவில் நன்றாகப் பதிந்துகொண்டிருந்த ரகத்தை ஒருமுறை போட்டுப் பாருங்கள். அதிலும் சி2 வந்தால் லேசர் தேய்ந்துவிட்டது அல்லது லென்ஸில் தூசி படிந்துவிட்டது. லென்ஸைச் சுத்தம் செய்த பிறகும் வரைபடம் இறங்காவிட்டால் டிரைவை மாற்றிவிட்டு, புது டிரைவில் மூன்று வட்டுச் சோதனையை முதலிலிருந்து தொடங்க வேண்டும். பழைய டிரைவுக்குக் கண்டுபிடித்த வேகம் புதியதற்குச் செல்லாது.